இரண்டாவது வளைவு

இரண்டாவது வளைவில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது.

முன்பக்கம் பிடித்திருந்த வண்டி டிரைவர் பொம்மை ரயில்களின் மேல் சாய்ந்து நின்றான். பின்பக்கம் பிடித்திருந்த அவள் கணவன் கரடிகளுக்கு நடுவில். இப்படித் திருப்பினால் மாமனாரின் தலைப்பக்கம் அலமாரியில் இடித்தது, அப்படித் திருப்பினால் கால்பக்கம். அவளும் மாமியாரும் பின்னால் மாடிப்படி ஓரத்தில் நின்றார்கள். வாசலில் கூடியிருந்தவர்களின் பேச்சு கேட்டதே தவிர, ஓர் ஆள்கூடக் கண்ணில் படவில்லை.

"சார், பின்வாசல் எதுவும் இல்லையா?"

"இல்ல."

"அப்ப வீட்டு ஆளுங்க எப்படித்தான் போய் வர்றீங்க?"

"இப்படித்தான்" என்றான் கணவன்.

அது உண்மைதான். மேலே வீடு, கீழே பொம்மைக் கடை. மாடிப்படி கடையின் கடைக்கோடியில் வந்து இறங்கும். உப்பு வாங்கப் போனாலும் சரி, ஊசி போடப் போனாலும் சரி, கடை வழியாகத்தான் போயாக வேண்டும். வாசலை ஒட்டிக் கல்லா. கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி. நாற்காலியில் மாமனார்.

"எங்க?"

அந்த ஒரு சொல்தான். கோபமாகக் கேட்டதில்லை, யாரையும் தடுத்ததும் இல்லை. ஆனால் பதில் சொல்லி முடிப்பதற்குள் போகிற ஆசையில் பாதி வடிந்துவிடும். மாமியார் எங்கே போனாலும் ஒரே பதில் வைத்திருந்தார்: "இதோ, தெருமுனை வரைக்கும்தான்."

கல்யாணத்துக்கு முன்பு அவள் கடைகளுக்கு உள்வடிவமைப்பு வரைகிற கம்பெனியில் இருந்தாள். கடையைப் புதுப்பிக்கலாம் என்று மாமனாரே சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வரைபடத்திலேயே படியடியிலிருந்து தெருவுக்கு நேராக ஒரு சின்ன நடைவழி போட்டாள். வீட்டுக்கென்று தனிக் கதவு. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு ரப்பர் கேட்டார்.

"ஒரு கடைக்கு எதுக்கும்மா ரெண்டு வாசல்? உள்ள வந்தவன் அத்தனை பொம்மையையும் பாத்துட்டுத்தான் வெளிய போகணும். குழந்தை அப்பன் கையைப் பிடிச்சு இழுக்கணும். அவன் தப்பிக்கவே கூடாது" என்று சொல்லிச் சிரித்தார்.

மறுபடி வரைந்தாள், மறுபடி அழித்தார். அடுத்த முறை ரப்பருக்கு வேலை வைக்காமல் அவர் கேட்டதையே வரைந்து கொடுத்தாள். வளைந்து வளைந்து போகும் ஒரே பாதை. எங்கே நின்றாலும் வாசல் தெரியாதபடி கூரை வரைக்கும் அலமாரி, தரையோடு சேர்த்து முடுக்கியது.

அவரை வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் தொல்லை. எந்தத் தட்டில் எந்தப் பொம்மை என்று முடிவு செய்கிற நாளில் அந்த வயதில் முட்டி போட்டுக் கடை முழுக்கத் தவழ்ந்தார். "இங்க வந்து பாரும்மா. ஒரு குழந்தைக்கு இந்த யானையோட வயிறுதான் தெரியுது. மூஞ்சி தெரிய வேணாமா?" அவளும் தவழ்ந்தாள். மரத்தூள் மூக்கில் ஏறி இருவரும் தும்மித் தும்மிச் சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டுவிட்டாள்: "கடை திறந்ததும் நான் பழைய வேலைக்குப் போகட்டுமா மாமா?"

அவர் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கல்லாவுக்கு ஆள் வேணுமே" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடை திறக்க நாளும் பார்த்தாகிவிட்டது. நேற்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

"நிமித்திப் பிடிச்சா போயிடும் சார்" என்றான் டிரைவர், குரலைத் தாழ்த்தி. "பெல்ட் போட்டிருக்கு. விழமாட்டார்."

கணவன் அவளைப் பார்த்தான். பாதையின் அகலத்தைக் கணக்கிட்டது அவள்தான். அப்பா, அம்மா, நடுவில் குழந்தை கைகோத்துப் போகிற அளவு. படுத்தபடி போகிறவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

"அலமாரியைக் கழட்டிடலாம்" என்றாள்.

"அப்பா கடைசியா ஆசைப்பட்டுச் செஞ்சது. பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு ஆணியா பாத்துப் பாத்து..." அவன் அலமாரியை அண்ணாந்து பார்த்தான். "அதைப் போய் உடைக்கச் சொல்றியே."

"அதுக்காக அவரை நிக்க வைக்கப் போறியா?"

மாமியார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"படுத்திருக்கிற மனுஷனை நிக்க வைக்காதீங்க. உடைங்க."

வாசல் கூட்டத்தில் நின்றிருந்த தச்சரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, தன் கையால் முடுக்கியதைத் தானே பெயர்த்தார். கரடிகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிகளில் உட்கார வைத்தார்கள். முதல் அலமாரி சாய்ந்தபோது கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதற்கடுத்ததும் போனபோது தெரு தெரிந்தது. வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார்கள்.

ரப்பரால் அழித்த அந்தக் கோட்டின் மேலேயே மாமனார் நேராக வெளியே போனார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவருக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

எல்லாம் முடிந்து சாயங்காலம் திரும்பினார்கள். தச்சர் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வந்து பழையபடி அடைச்சிடுங்கண்ணே. அப்பா வச்ச மாதிரியே இருக்கணும்" என்றான் கணவன். பிறகு அவளிடம், "இனிமே கல்லா உன் பொறுப்புதான். நான் சரக்கெடுக்க அலையணும்ல" என்றான். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது. அவன் கரடிகளைத் தாண்டித் தாண்டி மாடிக்குப் போனான்.

அவளுக்குக் கால் கடுத்தது. உட்கார வேறு இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். அலமாரி பெயர்த்த இடைவெளி வழியாகப் படியடி வரைக்கும் தெரிந்தது. மாமியார் இறங்கி வருவது தெரிந்தது. கரடிகள்மேல் கால் படாமல் மெதுவாக இறங்கினார், செருப்பை மாட்டினார், வளையாமல் திரும்பாமல் நேரே நடந்து வந்து கல்லாவைத் தாண்டினார்.

"எங்க?"

சொல் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

மாமியார் நின்றார். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருந்தது.

"இதோ, தெருமுனை வரைக்கும்தான்" என்றார். சொன்ன பிறகும் நகராமல் அங்கேயே நின்றார்.

போயிட்டு வாங்க அத்தை என்று சொல்ல வாயெடுத்தாள். அதுவும் உத்தரவு கொடுப்பது போலத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"நாளைக்கு எப்பம்மா வரட்டும்?" என்றார் தச்சர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தபடி.

"அடைக்கிறதுக்கா? வர வேணாம்ணே."

அவள் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து, கல்லா மேஜைக்கு அடியில் தன் செருப்பைத் தேடினாள்.