பதினேழாவது கண்ணாடியின் அளவு

வில்லியனூர் சாலையில் புதிதாக எழும்பிய கண்ணாடி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மேற்குப் பக்கம் மட்டும் நாற்பத்திரண்டு கண்ணாடிகள். மாலை வெயில் ஏறியதும் அத்தனைக்கும் திரை ஒன்றாக இறங்க வேண்டும். மொட்டைமாடி சென்சார் வெயிலைப் பார்த்துச் சொல்லும். மோட்டார்கள் கேட்டு நடக்கும். அன்று கடைசிச் சோதனை. நாற்பத்தோரு திரைகள் சத்தமில்லாமல் இறங்கின. பதினேழாவது மட்டும் கால்வாசியில் சிக்கி நின்றது.

ரோஸி மேரி அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அளவெடுத்தவள் அவள்தான். விசாலாட்சி அக்காவின் திரைக் கம்பெனியில் ஏழு வருஷமாக அளவெடுக்கிறாள். அவள் அளவுக்கு வெட்டிய திரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஏணியில் நின்ற உதவியாள் ராமு டேப்பை வைத்துப் பார்த்தான்.

"எட்டு எம்எம் ஜாஸ்திக்கா. ஓரம் ஃபிரேம்ல உரசுது."

அவள் நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று அகலம் எடுப்பார்கள். அதில் சின்னதை வட்டமிடுவார்கள், அதுதான் திரையின் அளவு. பதினேழுக்கு மூன்று எண்ணும் சரியாகவே இருந்தன. வட்டம் மட்டும் பெரிய எண்ணைச் சுற்றியிருந்தது.

அளவெடுத்த அன்று ராமுவுக்குக் காய்ச்சல். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது ஆண்டனி, இந்தக் கட்டிடத்தின் பராமரிப்பு மேலாளர். அது அவன் வேலையே இல்லை. அதன் பிறகு திரையின் நிறத்தைப் பற்றிக் கேட்க நான்கு முறை போன் செய்தான். நான்கு முறையும் சாம்பல் நிறம்தான் முடிவானது. இன்று வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டுவிட்டால் இனி போன் செய்ய அவனுக்குக் காரணம் கிடையாது. காலையிலிருந்து ரோஸி மேரியைக் குடைந்துகொண்டிருந்தது அதுதான்.

ஆண்டனி ஒப்படைப்புத் தாளோடு வந்தான். சிக்கிய திரையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். குறை என்ற இடத்தில் பதினேழு என்றும், காரணம் என்ற இடத்தில் 'ஃபிரேம் கோணல்' என்றும் எழுதி நீட்டினான்.

"ஃபிரேம் நேராத்தான இருக்குது?" என்றாள் அவள்.

"கட்டிடத்து மேல போட்டுட்டா போவுது. உங்க பேரு எதுக்குங்க கெடணும்?"

அவள் பேனாவை வாங்கினாள். அவன் எழுதியதை அடித்துவிட்டு, 'அளவெடுத்தவர் தவறு' என்று எழுதினாள்.

"நாப்பத்தியொண்ணு சரியா எடுத்தவங்க, இது மட்டும் எப்படிங்க தப்பாவும்?" ஆண்டனி நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"இன்னா சார் நீங்க?" ஏணி மேலிருந்து ராமு சிரித்தான். "ஊருக்கே தெரியுது."

"நீ எறங்குடா. போய் டீ குடி," என்றாள் ரோஸி மேரி. அவன் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்தாள்.

"பதினாறு முடிச்சப்ப நீங்க கேட்டீங்க, 'வூட்டுல உங்களுக்கு வரன் பாக்குறாங்களா'ன்னு. பதினேழ எப்படி எடுத்தேன்னு எனக்கு நெனப்பே இல்ல."

ஆண்டனியின் காதுமடல் சிவந்தது.

"அன்னிக்கு நீங்க பதிலே சொல்லல," என்றான் மெதுவாக. "பிடிக்கலன்னு நெனச்சிட்டேன். அதான் கலர் கலர்னு..."

"நாலு தடவ போன் பண்ணீங்களே, ஒரு தடவையாவது கலர வுட்டுட்டு வேற பேசுனீங்களா?"

அவன் தலைகுனிந்து சிரித்தான். வெயில் இருவர் முகத்திலும் அடித்தது, இருவரும் நகரவில்லை.

"புதுத் திரை வர எட்டு நாளாவும். நானே வந்து மாட்டிடறேன்," என்றாள்.

"அதுக்கு நடுவுல ஒரு ஞாயிறு வருதே." அவன் ஒப்படைப்புத் தாளை மடித்தான். "சர்ச்சுல பூசை முடிஞ்சி உங்க வூட்டுக்கு வந்தா, அப்பா இருப்பாரா?"

"இருப்பாரு."

"இன்னா வாங்கியாரட்டும்?"

"ஒண்ணும் வாணாம்," என்று நோட்டை மூடினாள் ரோஸி மேரி. "உங்கம்மாவ கூட்டிட்டு வாங்க."