எலிகள் குடிக்காத தண்ணீர்

"பட்டியலைக் கொடுங்க, டாக்டர். இப்பவே பார்க்கணும்."

இந்த ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், அந்தப் பட்டியலை மட்டும் கேட்காதே. மொத்தம் எண்பது எலிகள். எல்லாவற்றுக்கும் குடிநீரில் உணவுக்குழாய்ப் புற்றைக் கிளப்பும் ரசாயனம், அதோடு கொஞ்சம் சர்க்கரை. பாதி எலிகளின் தண்ணீரில் மட்டும் கூடுதலாக சுக்தே, அதாவது அபின் புகைத்து முடித்தபின் குழாயில் சுரண்டி எடுக்கும் கரிக்கசடு. எந்தப் பாதி என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள், டாக்டர் மொஹ்தஷமின் இரும்பு அலமாரியில் இருந்தது. எங்களைப் பொறுத்தவரை அகரவரிசையின் முதல் இரண்டு எழுத்து ஒட்டிய அலிஃப் கூண்டுகள், பே கூண்டுகள், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் கட்டிகளை எண்ணும்போது கண் ஒரு பக்கம் சாயும். நியாயமான விதி. முப்பது வாரம் நானும் மதித்தேன், வாயளவில்.

டாக்டர் தெஹ்ரான்காரர். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும், பெயரோடு ‘கானும்’, அதாவது அம்மணி, சேர்ந்துகொள்ளும்.

"ஆய்ஜமால் கானும், நீங்க ரொம்பக் களைச்சிருக்கீங்க. உட்காருங்க, டீ சொல்றேன். உறையைப் புதன்கிழமை குழுவுக்கு முன்னாடி பிரிக்கத்தானே போறோம்?"

புதன்கிழமைதான் என் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வும். அது முடிந்தால் எங்கள் குடும்பத்தில் முதல் பட்ட மேற்படிப்பு என்னுடையது. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. புதன்கிழமைக்கு முன்பே இதைப் பேசியாக வேண்டும் என்றேன். டீ வேண்டாம் என்றும் சொன்னேன், அதை அவர் அவமரியாதையாக எடுத்துக்கொண்டார்.

நான் எலிகளிடம் வந்த காரணம் எளிது. கோர்கான் நகருக்கு வடக்கே, எங்கள் துர்க்மேன் சமவெளியில், உணவுக்குழாய் அடைத்துச் சாவது யாருக்கும் அதிசயமில்லை. அப்பா முதலில் ரொட்டியை விட்டார், பிறகு கஞ்சியை, கடைசியில் தேநீரையும். அவர் அபின் இழுத்தவர். அதனால்தான் வந்தது என்றார் மருத்துவர். வந்த வலிக்குத்தான் இழுத்தார் என்கிறார் சித்தப்பா ஒராஸ், அவரும் இழுப்பவர். எது முந்தியது என்று மனிதர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். எலிக்கு எதை என்றைக்குக் கொடுத்தோம் என்பது நோட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் சித்தப்பா போன் செய்வார்.

"என்ன கண்ணு, உன் எலிங்க வாயைத் திறந்துச்சா? எனக்குச் சாதகமா எதுவும் சொன்னா மறைச்சிராத."

கேலிக்குத்தான் கேட்பார். ஆனால் பதிலுக்கு அவர் காத்திருப்பது எனக்குத் தெரியும்.

ஆய்வு தொடங்குமுன் ஒரு சிக்கல் இருந்தது. சுக்தே கசக்கும், எலி குடிக்காது. என்ன செய்யலாம் என்று டாக்டர் எல்லோரையும் கேட்டார். நான்தான் சர்க்கரை சொன்னேன். அம்மா கம்பளம் நெய்கிறவள். தறியில் உட்காரும்முன் சர்க்கரைத் தண்ணீரில் துளி அபினைக் கரைத்து எனக்கு ஊட்டிவிடுவாள், மாலைவரை நான் அழமாட்டேனாம். இதைச் சொன்னதும் அறையில் இருந்தவர்கள் என்னையே ஏதோ கூண்டிலிருந்து வந்தவளைப்போலப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார். மண்ணின் அறிவு என்றார்.

கசடின் நிறம் தெரியாமலிருக்கப் பழுப்பு பாட்டில்கள் வந்தன. மருந்தாளர் கலக்கி, எழுத்து ஒட்டி அனுப்புவார். விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் குர்பான்துர்தி அண்ணன் முதல் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரிய படிப்புப் படிச்சவங்க கண்ணைக் கட்டிட்டாங்க. மூக்கைக் கட்ட மறந்துட்டாங்களே."

நானும் முகர்ந்தேன். அப்பாவின் கோட்டு வாசனை. பே கூண்டுகளுக்குத்தான் அபின் என்று எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அரை நொடியில் தெரிந்துவிடும். தெஹ்ரானில் வளர்ந்த மூக்குக்கு அது ஏதோ மருந்து வாடை. எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

ஆனால் அந்த வாசனை என் தலைக்குள் ஒரு கேள்வியைப் போட்டது. எனக்கே தெரிகிறதென்றால் எலிக்குத் தெரியாதா? அன்றிலிருந்து காலையில் மீதித் தண்ணீரை அளக்க ஆரம்பித்தேன். யாரும் அளக்கச் சொல்லவில்லை. ஆய்வுத் திட்டத்தில் அது இல்லவே இல்லை. அலிஃப் எலி ஒன்று நாளுக்கு முப்பது மில்லி குடித்தது. பே எலி பதினைந்து. பத்தாவது வாரத்துக்குப் பிறகு பே எலிகள் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தன, ஒருவேளை பழகிவிட்டதோ, பிடித்தேவிட்டதோ. அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் அவை முப்பதைத் தொடவே இல்லை. முப்பது வாரச் சராசரி பதினெட்டு.

ஆய்வில் சேராத நான்கு எலிகள் மிச்சம் இருந்தன. அவற்றின் கூண்டில் இரண்டு பாட்டில் மாட்டினேன், ஒன்றில் சர்க்கரை மட்டும், மற்றதில் சர்க்கரையும் சுக்தேயும். ரசாயனம் எதிலும் இல்லை. ஓர் எலி சுக்தே பாட்டிலை ஒருமுறை நக்கியது. உடனே மோவாயைத் தரையில் தேய்த்தது, முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டது, பிறகு நேராக அடுத்த பாட்டிலுக்குப் போய்விட்டது. "உன் சர்க்கரை இதுங்ககிட்ட செல்லுபடியாகல," என்றார் குர்பான் அண்ணன். குழந்தைக்கு மூக்கைப் பிடித்து ஊட்டலாம். எலி தானாகத்தான் குடிக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை.

போன வாரம் உணவுக்குழாய்களை அறுத்துப் பார்த்து எண்ணி முடித்தோம். அலிஃப் எலிக்குச் சராசரி ஏழு கட்டி. பே எலிக்கு நான்கு.

இதையெல்லாம் சொல்லாமல் இன்று டாக்டரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: பே கூண்டுகள்தான் அபின், உறையைப் பிரித்துப் பாருங்கள். யார் சொன்னது என்று கேட்டார். என் மூக்கு என்றேன். நம்பவில்லை. அலமாரியைத் திறந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி உறையைக் கிழித்தார். திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பே," என்றார். "அபின் குடிச்சதுக்குக் கிட்டத்தட்ட பாதி கட்டி குறைவு. கானும், இது என்னன்னு புரியுதா? உலகத்துல எல்லாரும் கூட்டும்னு சொல்றாங்க. நம்ம கூண்டு குறைக்கும்னு சொல்லுது."

நான் என் தண்ணீர் நோட்டை மேசைமேல் வைத்தேன். ரசாயனமும் அதே தண்ணீரில்தான் இருந்தது என்றேன். குறைவாகக் குடித்த எலிக்குள் விஷமும் குறைவாகத்தான் போயிருக்கும். கட்டியைக் குடித்த அளவால் வகுத்தால் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. இது முரட்டுக் கணக்கு, இதை வைத்து அபின் நிரபராதி என்றும் சொல்ல முடியாது, குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. இந்த ஆய்வுக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான். தப்பு என் சர்க்கரையில்தான் தொடங்கியது என்பதையும் சொன்னேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். உண்மையாகவே படித்தார், அதைச் சொல்லியாக வேண்டும். முட்டாள் இல்லை. மூன்றாம் பக்கத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, புருவத்தில் தெரிந்தது. நோட்டை மூடி என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"இது திட்டத்துல இல்லாத அளவு. நீங்களே பட்டியலை ஊகிச்சுட்டு எடுத்த அளவு. இதைக் குழு ஏத்துக்காது."

"அப்போ கட்டி எண்ணினதையும் ஏத்துக்கக் கூடாது. அதை எண்ணினதும் இதே ஆள்தான்."

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். குரல் இன்னும் மென்மையாயிற்று. ஆய்வேட்டின் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார், குடித்த அளவு வேறுபட்டிருக்கக்கூடும் என்று. புதன்கிழமை தேர்வு, அடுத்த மாதம் கட்டுரை, முதல் பெயர் என்னுடையது. மறுபடி செய்வதென்றால் எலியின் தொண்டைக்குள் குழாய் விட்டு அளந்து ஊட்ட வேண்டும், இன்னும் எட்டு மாதம், அதற்குள் என் இடத்துக்கு வேறொருவர் வந்துவிடலாம், அதற்கு அவர் பொறுப்பில்லை.

"கடைசி வரியை யார் படிப்பாங்க, டாக்டர்?"

"படிக்க வேண்டியவங்க படிப்பாங்க."

"என் சித்தப்பா படிக்கமாட்டார். அவருக்கு யாராவது தலைப்பை மட்டும் சொல்லுவாங்க. அது போதும் அவருக்கு."

உணர்ச்சிவசப்படாதீர்கள், இது விஞ்ஞானம் என்றார் டாக்டர். விஞ்ஞானம் என்பதால்தான் கேட்கிறேன் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. கடைசி வரி எழுதினால் போதும் என்று தானே தன்னை நம்பவைத்துக்கொள்ளும் ஒரு மனிதரிடம் வேறென்ன பேச? அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேலும் இருந்தது. ஆறாவது வாரமே இந்த நோட்டோடு இந்த அறைக்கு நான் வந்திருக்கலாம். கேட்கக் கூடாது என்று சொன்னதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நல்ல மாணவியைப்போல.

"நாளைக்கு வரைக்கும் யோசிங்க, கானும். அவசரம் வேண்டாம்," என்றார்.

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். காலையில அலுவலகத்துல போய் புதன்கிழமைத் தேர்விலிருந்து என் பேரை எடுத்துட்டேன். தொண்டைக்குள்ள குழாய் விட்டு ஊட்டி மறுபடி செய்ய விண்ணப்பமும் குடுத்தாச்சு. உங்க கையெழுத்து இல்லாட்டி வேற வழிகாட்டியைத் தேடிக்கிறேன்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், இன்னும் கூடுதல் மரியாதையோடு. நான் நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே நடந்தேன்.