மூடி திறந்து பார்க்கப்பட்டது

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. கழிவுத்தொட்டி ஆய்வுப் படிவம், மொத்தம் பதினான்கு கேள்விகள். கதைகள் வானத்திலிருந்து இறங்குவதாகச் சொல்லும் எழுத்தாளர்களுக்கு வணக்கம். என்னுடையது கீழேயிருந்து ஏறி வந்தது.

முதல் வரி: 'கதிரவன் மெல்ல எழ, ஆய்வாளரும் எழுந்து—' வேண்டாம். அவர் எழுந்தது ஒன்பது மணிக்கு.

2

விதி எளிமையானது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுத் தொட்டியின் மூடியையும் திறக்க வேண்டும், கம்பு விட்டு அடியிலுள்ள கசட்டை அளக்க வேண்டும், மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.*

நம் ஆய்வாளருக்கு மூக்கு நுட்பமானது, சட்டை புதியது. நேற்று, மூலைவீட்டு அம்மா வீட்டுக்குப் பின்னால் நிழலாக ஓர் இடம் பார்த்து அவருக்கு நாற்காலி போட்டார்.

"மூடியைத் தூக்க ஆளைக் கூப்பிடட்டுமா சார்? பதினோரு மணிக்கு நான் துணி காயப்போடணும், தினமும் அந்த நேரம்தான் இங்க வெயில் வரும்."

"எதுக்கும்மா சிரமம்? வருஷக்கணக்கா பாக்குறேன். மூடியைப் பாத்தாலே உள்ள எப்படின்னு தெரிஞ்சிடும்."

"அப்ப நல்லா இருக்குன்னு எழுதிடுவீங்களா?"

"எழுதிட்டேம்மா."

* விதியை எழுதியவர்களும் எந்த மூடியையும் திறந்ததில்லை. அந்த வகையில் ஆய்வாளர் அவர்களுடைய உண்மையான சீடர்.

3

(இங்கே எனக்கு ஆய்வாளர்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு சோம்பேறியை வாசகர் நம்ப வேண்டுமே. இரக்கம் பிறக்கட்டும் என்று அவருக்கு நோயாளி மனைவி ஒருத்தியைச் சேர்த்தேன். என் மனைவி படித்துவிட்டு, "எனக்கு எப்பங்க உடம்பு சரியில்லாம போச்சு?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

சரி, குட்டு உடைந்துவிட்டது. ஆய்வாளர் நான்தான். என் கதைகளைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்புகின்றன. படிவங்களில் நான் எழுதிய கதைகளைப் பதினோரு ஆண்டுகளாக அலுவலகம் ஒன்றுவிடாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் பகுதியில் நான் விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. அந்த நாற்காலி போடப்பட்டிருந்தது தொட்டியின் சிமெண்ட் மூடிமேல். நான் உட்கார்ந்ததும் அதன் ஒரு கால் லேசாக இறங்கியது. கீழே ஏதோ உதிர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு, 'மூடி திறந்து பார்க்கப்பட்டது. விரிசல் இல்லை' என்று எழுதினேன். அந்த மூடிக்கு நேர் மேலே துணிக்கொடி தொங்கியது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

5

முடிவு அ: மூடி தாங்குகிறது. அனைவரும் நலம். (படிவத்தோடு ஒத்துப்போகும்.)

முடிவு ஆ: அந்த அம்மா ஈரத்துணி வாளியோடு கொடியடியில் வந்து நிற்கிறார், அப்போது—

மூன்று தடவை முயன்றேன். கை ஓடவில்லை.

அவருடைய தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறது. படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. அலுவலகம் இன்று விடுமுறை; அதனால்தான் கதை எழுத உட்கார்ந்தேன். மணி பத்தே முக்கால். அவர் வீடு மூன்று தெரு தள்ளி.

பேனாவை இங்கேயே வைக்கிறேன். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு