தோசைக்கல்லுக்கு பிளஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. பால் கேனுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஒளித்து வைத்திருக்கும் தோசைக்கல்லிலிருந்து வந்தது. கல் என் மனைவி பூவாத்தாளுடையது, முப்பது வருடம் எண்ணெய் குடித்தது. அவள் கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போன பத்து நாளில், ஈரத்தோடு வெளியே போட்டுத் துருப்பிடிக்க விட்டேன். இன்று சாயங்கால பஸ்ஸில் வருகிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மின்னாற்பகுப்பு என்பது கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி...

அடித்துவிட்டேன். நான் நாலாவதோடு நின்றவன். அது சிவப்பிரகாஷ் போனில் சொன்ன வாக்கியம். பூவாத்தாளின் தம்பி மகன். முலாம் பூசும் பட்டறையில் வேலை.

"கரண்டே துருவ எடுத்துருமுங்க மாமா. வாளித் தண்ணில சலவைச் சோடா போடுங்க. பேட்டரி சார்ஜர்ல கல்லுக்கு மைனஸ், ஏதாச்சும் பழைய இரும்புக்கு பிளஸ். ரெண்டும் ஒட்டக் கூடாது."

"இத வேற எவன்டா செய்யறான்?"

"குழாய்க்கு நிக்கல் பூசறது, செம்பச் சுத்தம் பண்றது, அலுமினியம் எடுக்கறது, அத்தனையும் இந்தச் சங்கதிதானுங்க."

(பெண்டாட்டி வகையறா சொன்னதை நான் ஒருநாளும் அப்படியே செய்ததில்லை.)

3

இங்கே கதாநாயகனைப் புத்திசாலியாக்கப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. நல்ல பொருளுக்கு மைனஸ், குப்பைக்கு பிளஸ் என்று எவனாவது கொடுப்பானா? மைனஸை ஒரு பழைய ஏர்க் கொழுவில் மாட்டி, மாற்றிக் கொடுத்தேன். தண்ணீர் செம்மண் குழம்பானதும், அழுக்கு இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டு இரண்டு நாள் விட்டுவைத்தேன்.

பிளஸ்ஸில் இருக்கும் இரும்புதான் கரையுமாம். ஏர்க் கொழு துரு உதிர்ந்து சுத்தமாக வந்தது. கல் முழுக்கக் குழி குழியாக அரித்திருந்தது. பணியாரச் சட்டி என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

மறுபடி போன் போட்டேன்.

"பிளஸ்ஸ எதுக்குக் குடுத்தீங்க மாமா?"

"கல்லுக்கு."

"அத்தைகிட்ட எம் பேரச் சொல்லிராதீங்க."

4

முடிவு ஒன்று: பூவாத்தாள் சிரிக்கிறாள். (அவளோடு குடித்தனம் நடத்தாதவர்கள் நம்பலாம்.)

முடிவு இரண்டு: திருடன் வந்தான். தொழுவத்தில் நாலு மாடு நிற்க, தோசைக்கல்லையா...

முடிவு மூன்று: பூவாத்தாள் வந்ததும் நான் தைரியமாக

வாசலில் செருப்புச் சத்தம்.

"ஏனுங்க, மாவு வாங்கியாந்துட்டேன். கல்ல எங்கீங்க வெச்சீங்க?"

வெளியாட்கள் முன்னால் அவள் என்னைத் திட்டமாட்டாள். அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை, உங்களிடம் விட்டுவிட்டேன். மீனாட்சிபுரம், பால் சொசைட்டிக்கு எதிர் வீடு. யாராவது உடனே வாருங்கள்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.