அப்பா, நான்தான்

துப்பாக்கி வருவதற்கு முன்பே அதற்கான பெட்டகம் வந்துவிட்டது. இந்த நாட்டுச் சட்டம் அப்படி. முதலில் பூட்டி வைக்க இடம். பிறகு விசாரணை, உரிமம். கடைசியில்தான் துப்பாக்கி.

நிமலன் அதைப் படுக்கையறை அலமாரிக்குள் நிறுத்திச் சுவரோடு சேர்த்து முடுக்கினான். ஒடுக்கமான சாம்பல் நிற இரும்பு. ஒரு சிறுபிள்ளை நிற்கும் உயரம். பிற்பகல் வெயிலில் அறை சூடேறியதும் தகடு ஒருமுறை 'டக்' என்கும். உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும் மனைவி யுவனேஸ்வரியின் கை நின்றுவிடும். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றுவிடும்.

அவர்களுடைய 'டெய்ரி' மவுண்ட் ரோஸ்கில் புறநகரில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. பால், பாண், சிகரெட் விற்கும் மூலைக்கடை. குளிர்காலத்தில் ஒரு மாலை இரண்டு பையன்கள் சுத்தியலோடு உள்ளே வந்தார்கள். முகத்தில் துணி. ஒருவன் சிகரெட் அலமாரியை உடைத்தான். மற்றவன் நிமலனை முழங்காலில் நிற்கச் சொன்னான். நின்றான். சுத்தியல் தலைக்கு மேலே இருந்தது. அடிக்கவில்லை. பொலிஸ் வந்தபோது பையன்கள் போய்விட்டிருந்தார்கள். நிமலன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழை நாளில் மகள் அபிதா பள்ளிக்கூடத்திலிருந்து கராஜ் வழியாக வீட்டுக்குள் வந்தாள். பதினாறு வயது. கறுப்பு மழைக்கோட்டு, தலையை மூடியிருந்தது. கதவுக்குப் பின்னால் நிமலன் கிரிக்கெட் மட்டையோடு நின்றான்.

மட்டை கதவு நிலையில் பட்டது. அவளுடைய காதுக்குப் பக்கத்தில் மரம் பிளந்தது. சமையலறை வாசலில் நின்ற யுவனேஸ்வரி உட்பட யாரும் கத்தவில்லை. அபிதா கோட்டின் தலைமூடியைக் கழற்றிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

நிமலன் மட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டான். மறுநாள் நிலையில் இருந்த வெடிப்பை அடைத்து வெள்ளை பூசினான். பழைய வெள்ளை வேறு, புது வெள்ளை வேறு. மூவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து அபிதா கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, நான்தான்" என்பாள். "வா பிள்ளை" என்று அவன் குரல் வந்த பிறகே கதவைத் திறப்பாள். சாவி அவள் கையில் இருக்கும். வீட்டில் அவள் தவறாமல் பேசும் தமிழ் அது ஒன்றுதான்.

பிருந்தன் நிமலனின் பழைய அறைத்தோழன். இன்னொரு புறநகரான தகனினியில் வீடு. சனிக்கிழமைகளில் களிமண் தட்டுகளை மேலே எறிந்து சுடும் கிளப் ஒன்றுக்குப் போகிறவன். அவன்தான் வழி சொன்னான்.

"அண்ணை, கடைக்கு எண்டு மட்டும் வாயைத் திறந்திடாதேங்கோ. பாதுகாப்புக்குத் துவக்கு எண்டு சொன்னா அந்த நிமிசத்தோட முடிஞ்சுது. இஞ்ச அது காரணமே இல்லை. முயல் வேட்டை எண்டலாம். தாரா வேட்டை எண்டலாம்."

யுவனேஸ்வரி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். "முட்டைக் கேக் எண்டாலே தொடாத மனுசன். தாரா சுடப் போறாராம்."

"அதுதான் அக்கா, தட்டு. களிமண் தட்டு. அதுக்கு இரத்தமும் இல்லை, பாவமும் இல்லை. சைவக்காரருக்கு எண்டே கண்டுபிடிச்ச விளையாட்டு."

நிமலன் சிரிக்கவில்லை. "சுடுறதுக்கில்லையப்பா. இருக்கெண்டு தெரிஞ்சாப் போதும். வரமாட்டாங்கள்."

"பெட்டகத்துக்குள்ள பூட்டி வைக்கோணும் எண்டெல்லோ சட்டம்?" என்றாள். "கள்ளன் கடைக்குள்ள வரேக்க, கொஞ்சம் நில்லு ராசா எண்டு சொல்லிப்போட்டு வீட்டை ஓடி வருவீங்களோ?"

நிமலன் கடைச் சாவியைக் கையில் எடுத்தான். பிருந்தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்ர காதில ஒண்டும் விழேல்லை, அக்கா. விழுந்தா என்ர உரிமமும் போயிடும்."

அவன் போன பிறகு அவள் சொன்னாள்: "ஊரில துவக்கு இருந்த வீட்டையும் பாத்தனான். இல்லாத வீட்டையும் பாத்தனான்."

"இல்லாத இடத்திலதான் நான் முழங்கால்ல நிண்டனான்."

"அண்டைக்கு அது மட்டையா இருந்ததாலதான்..." அவள் கண் அபிதாவின் அறைப் பக்கம் போனது.

"மட்டையா இருந்ததாலதான் கிட்ட வரும்வரைக்கும் ஒளிச்சு நிண்டனான்," என்றான் நிமலன் மெதுவாக. "துவக்கு எண்டா தூரத்திலயே நிப்பாட்டியிருக்கலாம்."

யாரை என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பல நாட்கள் அந்தச் சொல் அவளோடு இருந்தது. பாத்திரம் கழுவும்போது இருந்தது. கடையில் மீதிச் சில்லறை கொடுக்கும்போது இருந்தது. தூரத்திலேயே.

ஆயுத பூசை அன்று கடையைக் கழுவித் துடைத்தார்கள். யுவனேஸ்வரி கல்லாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கார்டு தேய்க்கும் கருவிக்கு, வான் வண்டிக்கு, வெட்டும் கத்திக்கு, அபிதாவின் லாப்டொப்புக்கு. பெட்டகத்துக்கு வைக்கவில்லை. மறுநாள் காலை சேலை எடுக்க அலமாரியைத் திறந்தபோது சாம்பல் இரும்பில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. பெருவிரல் அளவு. நிமலனின் விரல்.

உரிமத்துக்காக விசாரிக்க வருகிறவர் மனைவியைத் தனியாகக் கேட்பார் என்று பிருந்தன் சொல்லியிருந்தான். அவள் தலையாட்டினால் துப்பாக்கி வரும். ஆட்டாவிட்டால் வராது. அதனால் அவர் வரும் நாளில் நிமலன் கடையைப் பூட்டிவிட்டு வந்து தானே தேத்தண்ணி ஊற்றினான்.

"ஏன் எண்டு கேட்டா என்ன சொல்லுவீர்?"

"விளையாட்டுக்கு எண்டு."

"எனக்குக் கோவம் வருமோ எண்டு கேட்டா?"

"வராதெண்டு."

"அது பொய்யில்லைத்தானே?"

"பொய்யில்லை," என்றாள்.

உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு கோப்பையைக்கூட ஓங்கி வைத்ததில்லை. மழைநாளில் கதவுக்குப் பின்னால் நின்றபோதும் அவன் முகத்தில் கோபம் இருக்கவில்லை. வேறொன்று இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

வந்தவர் பெயர் ஜூடித். நரைத்த தலை. வாசலில் செருப்புகளைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். நிமலனோடு அரை மணிநேரம் பேசினார். பெட்டகத்தைத் திறந்து மூடினார். சுவரோடு பிடித்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இது துருவா?" என்று பொட்டைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை. எங்கள் வழக்கம்," என்றான் நிமலன் ஆங்கிலத்தில். "பயன்படுத்தும் பொருட்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வைப்போம்."

"அழகான வழக்கம்," என்றார் ஜூடித். எழுதிக்கொண்டார்.

பிறகு நிமலனை வெளியே இருக்கச் சொன்னார். அவன் கறிவேப்பிலைச் சட்டிகளுக்குத் தண்ணீர் விடப் பின்வளவுக்குப் போனான். சமையலறை ஜன்னல் வழியாகக் குழாய்ச் சத்தம் கேட்டது.

"உங்கள் கணவருக்கு ஏன் துப்பாக்கி வேண்டும்?"

"விளையாட்டுக்கு. நண்பர் ஒருவர் கூட்டிப் போகிறார்."

"அவர் குடிப்பாரா?"

"இல்லை."

"கோபப்படுவாரா?"

"இல்லை."

"கடையில் நடந்ததை அவரே சொன்னார். அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார்?"

"பரவாயில்லை. நித்திரை குறைவு."

"வீட்டில் துப்பாக்கி இருந்தால் நீங்கள் பாதுகாப்பாக உணர்வீர்களா?"

"ஆம்," என்றாள். தயாராக வைத்திருந்த சொல். சுலபமாக வந்தது.

ஜூடித் பக்கத்தைப் புரட்டினார். முடியப்போகிறது என்று யுவனேஸ்வரி நினைத்தாள்.

முன்கதவுக்கு வெளியே காலடி நின்றது.

"அப்பா, நான்தான்."

பின்வளவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை.

"அப்பா, நான்தான்."

"வா பிள்ளை, அம்மா இஞ்ச இருக்கிறன். திற," என்றாள் யுவனேஸ்வரி. அவள் குரல் அவளுக்கே உரத்துக் கேட்டது.

கதவு திறக்கவில்லை. "அப்பா எங்கே?" என்று அபிதா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பின்னால."

"நான் வருவது அவருக்குத் தெரியுமா?"

ஜூடித் கதவைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு நிழல் அசையாமல் நின்றது. புத்தகப்பை தோளில் இருந்தது.

"உங்கள் மகளா?"

"ஆம்."

"அவளிடம் சாவி இல்லையா?"

"இருக்கிறது."

ஜூடித் சற்று நேரம் அந்த நிழலையே பார்த்தார். பிறகு முகம் இளகியது. உதவி செய்கிறவரின் முகம்.

"இதுவும் உங்கள் வழக்கமா? உள்ளே வருமுன் தந்தையின் அனுமதி கேட்பது?"

ஆம் என்றால் போதும். அழகான வழக்கம் என்று இன்னொரு முறை எழுதிக்கொள்வார். இந்த ஊரில் வழக்கம் என்று சொன்னதை யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. எத்தனையோ தடவை அவளே அப்படிச் சொல்லித் தப்பியிருக்கிறாள்.

படுக்கையறையில் தகடு 'டக்' என்றது. வெயில் அங்கே வந்துவிட்டது.

"இல்லை," என்றாள் யுவனேஸ்வரி. "இது எங்கள் வழக்கம் இல்லை."

எழுந்து ஜூடித்தைக் கராஜ் கதவுக்குக் கூட்டிப் போனாள். நிலையில் இருந்த புது வெள்ளையைக் காட்டினாள். விரலை அதன்மேல் வைத்தாள். வாசலில் நிற்பவளின் உயரம் இதுதான் என்று சொன்னாள். மழைநாளையும் மட்டையையும் சொன்னாள். அதிக நேரம் எடுக்கவில்லை. ஜூடித் எழுதுவதை இடையிலேயே நிறுத்திவிட்டார்.

பின்வளவில் தண்ணீர் நின்றது.

"வா பிள்ளை!" என்று நிமலன் அங்கிருந்து குரல் கொடுத்தான். "அப்பா இஞ்ச நிக்கிறன். வா."

முன்கதவில் சாவி திரும்பியது.

ஜூடித் போன பிறகு நிமலன் கோப்பைகளைக் கழுவினான். இரண்டுதான். நெடுநேரம் கழுவினான்.

"என்ன கேட்டவா?"

"எல்லாம் கேட்டவா."

"நீர் என்ன சொன்னீர்?"

யுவனேஸ்வரி கராஜ் கதவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். விளங்கிவிட்டது. கோப்பையை ஓங்கி வைக்கவில்லை. துடைத்து, கவிழ்த்து வைத்தான்.

"நாளைக்கு அவங்கள் திரும்பி வந்தா?"

"வந்தாலும் வருவாங்கள்."

"அப்ப நான் திரும்பவும் முழங்கால்ல நிக்கிறதோ?"

"நிண்டுபோட்டு உயிரோட வீட்டை வாங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். முன்பு ஒருமுறை பார்த்திருந்த முகம். மழைநாளில், கதவுக்குப் பின்னால். ஒன்றும் சொல்லாமல் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அபிதா தன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். யுவனேஸ்வரி கொடியிலிருந்து உடுப்புகளை எடுத்து மடித்தாள். அவனுடைய சட்டைகளை மேலே வைத்தாள். கையில் ஏந்திக்கொண்டு படுக்கையறை வாசலுக்கு வந்தாள்.

உள்ளே அலமாரியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரும்பு திறக்கும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. வெறும் பெட்டகத்தின் முன்னால் அவன் நிற்கிறான், அல்லது முழங்காலில் இருக்கிறான். உள்ளே எடுக்க ஒன்றும் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

கை கதவுப் பிடிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"நான்தான்," என்றாள்.

பதிலுக்காக நின்றாள்.