கிருபாவதியின் வலது முழங்கால்

பாலையா இரண்டு கையையும் கிருபாவதியின் மடங்கிய முழங்காலின் மேல் ஊன்றி அமுக்கப் போனார். அபிகாயில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அம்மா கால்ல கை வெக்காதீங்க."

"பெட்டி மூட வாணாமா? வெந்நீர் ஊத்தி அமுக்கினா எறங்கிடும். எத்தினி பேருக்குப் பண்ணியிருக்கேன்."

பாலையா கிருபாவதிக்கு அண்ணன், சபையில் மூப்பர். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் யார் இறந்தாலும் உடம்பை நீட்டிப் பெட்டியில் வைப்பது அவர்தான். தங்கையின் வலது கால் மட்டும் மடங்கியபடியே விறைத்துப்போய், அவர் சொன்னபடி கேட்காமல் இருந்தது.

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வருஷக்கணக்காக நின்று தேய்ந்த கால். மகன் ஜெபசிங் குவைத்திலிருந்து பணம் அனுப்ப, மூன்று வருஷத்துக்கு முன் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றினார்கள். ஒரே வருஷத்தில் அது உள்ளே ஆட்டம் கண்டுவிட்டது. அதே மாதிரி மூட்டுகளை, செய்த கம்பெனியே வெளிநாடுகளில் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று அபிகாயில் தேடித் தெரிந்துகொண்டு, நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டாள். நோயாளி கீழே விழுந்து உடைத்துக்கொண்டார் என்று கம்பெனி வக்கீல் கூசாமல் சொன்னார். அம்மா ஒரு நாளும் விழவில்லை. மூட்டைச் சுற்றிச் சீழ் கட்டி, ரத்தத்தில் கலந்து, இன்று விடிகாலை போய்விட்டாள். அபிகாயிலுக்கு அழுகையைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

காலையிலேயே வக்கீலுக்கு போன் போட்டிருந்தாள். ஆள் இறந்தாலும் கேஸ் சாகாது, வாரிசுகள் நடத்தலாம் என்றார் அவர். ஆனால் சாட்சிக்கு அந்த மூட்டு உடையாமல் முழுசாக வெளியே வர வேண்டும். போலீசில் புகார் கொடுத்துப் போஸ்ட்மார்ட்டம் கேளுங்கள் என்றார்.

"இப்ப அமுக்கி உள்ள உடைஞ்சிச்சின்னா, அவங்க சொன்னது நெஜமாயிடும் மாமா."

"அதுக்குன்னு அறுக்கணுமா? முழுசா பொதைக்க வாணாமா? உயிர்த்தெழுற நாள்ல கர்த்தர் கேக்க மாட்டாரா?"

"கர்த்தர் குடுத்த மூட்ட அன்னிக்கே அறுத்து எடுத்துட்டாங்களே. இது கம்பெனி குடுத்தது."

குவைத்திலிருந்து ஜெபசிங்கும் போனில் கெஞ்சினான். "வுட்டுடுக்கா. அம்மாவே பூட்டாங்க, இன்னும் என்னா கேஸு?"

"ஆஸ்பத்திரில பக்கத்து பெட்ல இருந்த பிரேமலதா ஞாபகம் இருக்குதா? அவங்களுக்கும் இதே மூட்டுதான்டா. அதுலதான் இன்னும் நடந்துக்கினு இருக்காங்க."

புகாரில் கையெழுத்துப் போட வேண்டியது அப்பா ஜீவரத்தினம். அவர் மகளைப் பார்த்தார்.

"ரொம்ப அறுப்பாங்களா?"

"முழங்கால் கிட்ட மட்டும், நைனா."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பாலையா கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனாலும் சபைப் போதகர் ஐயருக்கு போன் செய்து, அடக்கம் நாளைக்கு என்று சொன்னவர் அவர்தான்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ., "எந்துக்கம்மா இதந்தா?" என்று, இதெல்லாம் எதற்கு என்பதுபோலச் சலித்துக்கொண்டார். அபிகாயில் தெலுங்கிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். புகாரை வாங்கிப் பதியும்வரை பெஞ்சை விட்டு எழவில்லை.

மறுநாள் மதியம் கிருபாவதி வீட்டுக்கு வந்தாள். எடுத்த மூட்டை டப்பாவில் போட்டு, சீல் வைத்து, போலீசார் வாங்கிப் போகிறவரை அபிகாயில் பிணவறை வாசலிலேயே நின்றிருந்தாள். பாலையா தங்கையின் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். கட்டுப் போட்ட கால் தடையில்லாமல் படிந்தது.

அபிகாயில் உள்ளே போய்ச் சின்னத் தலையணை ஒன்றை எடுத்து வந்து, அம்மாவின் வலது முழங்காலுக்கு அடியில் செருகினாள். இரண்டு வருஷமாகத் தினமும் படுக்கும்போது அப்படிச் செருகினால்தான் அம்மாவால் தூங்க முடியும். கை தானாகச் செய்துவிட்டது.

ஜீவரத்தினம் குனிந்து அதை மெல்ல உருவினார்.

"வாணாம்மா," என்றார். "உங்கம்மா இப்ப கால நீட்டிக்கினா பாரு."

பெட்டியை மூடினார்கள். கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவர் அந்தத் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடந்தார்.