பதினாலு மரத்துக் காய்ப்பு

வடக்கனந்தல் சாலையோரத்துப் புளியமரங்களின் காய்ப்பை வருசா வருசம் கண்ணாயிரம்தான் ஏலம் எடுப்பார். முப்பது ஏக்கர் நஞ்சைக்காரர். அவருக்கு எதிராக யாரும் விலை கேட்டதில்லை. எண்பத்தேழாம் வருசம் ஆவணியில் பூமாலை கேட்டாள்.

அவள் கூலிக்காரி. புருசன் செத்து நாலு வருசம். அவளும் காலனிப் பெண்கள் பத்துப் பேரும் வாரம் ஆளுக்கு இரண்டு ரூபாய் எடுத்துவைத்து, இரண்டு வருசத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் சேர்த்திருந்தார்கள். மொத்தத்தையும் கட்டிப் பதினாலு மரங்களின் காய்ப்பை எடுத்தார்கள். மாசியில் உலுக்கி விற்றால் ஆளுக்கொரு கன்றுக்குட்டியாவது வாங்கலாம் என்பது ஆசை. கையெழுத்துப் போடத் தெரிந்தவள் பூமாலை ஒருத்திதான். ரசீது அவள் பெயரில் வந்தது.

“இன்னாடி பூமாலை, மரம் ஏறப் போறியா?” கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஏறத் தெரிஞ்சவங்க எங்கள்ல இருக்காங்க ஐயா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. பஸ் ஓடவில்லை. ஊருக்கு ஊர் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை கண்ணாயிரத்தின் டிராக்டரில் ரம்பமும் கோடரியுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

தகவல் கேட்டுப் பூமாலை ஓடிவந்தபோது மூன்று மரங்கள் விழுந்து கிடந்தன. பிஞ்சுகள் தார்ச்சாலையில் நசுங்கிக் கிடந்தன. மறியலில் உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியார் எழுந்து, “ரெண்டு மரம் போட்டாலே வண்டி வராதுங்க. எதுக்கு இத்தினி?” என்று கேட்டார். ஆட்கள் ரம்பத்தை நாலாவது மரத்துக்கு எடுத்துப் போனார்கள்.

பூமாலை கண்ணாயிரத்தின் காலைப் பிடித்தாள். “ஐயா, பதினோரு வூட்டுக் காசுங்க. வுட்டுடச் சொல்லுங்க.”

“நானா வெட்டிக்கினு இருக்கேன்? போராட்டம் வெட்டுது. போயி போராட்டத்தக் கேளு.”

பொழுது சாய்வதற்குள் பதினாலும் விழுந்தன. அதற்கு அடுத்த மரத்தை, பெண்கள் ஏலம் எடுக்காத மரத்தை, யாரும் தொடவில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் பூமாலை ரசீதை எடுத்துக்கொண்டு ஏலம் விட்ட ஆபீசுக்குப் போனாள். “ஏலம் வுட்டதோட எங்க பொறுப்பு முடிஞ்சிதும்மா. மரத்தக் காவல் காக்கறது எடுத்தவங்க வேலை,” என்றார் எழுத்தர். விழுந்த மரங்களை விறகுக்கு ஏலம் விட்டார்கள். அதைக் கண்ணாயிரம் எடுத்தார்.

அன்று பத்துப் பெண்களும் பூமாலையின் குடிசைக்கு வந்தார்கள். கண்ணாயிரத்தின் வாசலுக்குப் போக அவர்களில் யாருக்கும் துணிவில்லை. தைலம்மாள்தான் முதலில் பேசினாள். பூமாலையின் தங்காமல் போன பிள்ளைக்குப் பிரசவம் பார்த்தவள், புருசன் செத்த அன்று கூடவே கிடந்தவள்.

“காசக் குடுத்துடு பூமாலை.”

“எல்லாரும் சேந்துதானடி எடுத்தோம்?”

“ரசீது உம்பேர்லதான இருக்குது? நீ அவருகிட்ட வாய வெச்சிக்கினு சும்மா இருந்தியா? எம் புருசன் என்ன அடிச்சே கொன்னுடுவான்.”

பூமாலை இரண்டு ஆடுகளையும் விற்றாள். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்ட ஆள் சேர்த்த மேஸ்திரியிடம் ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினாள். ஒன்பது பேருக்குக் கொடுத்ததும் கை காலியானது. தன் பங்குக் காசுக்குப் பதிலாகக் குடிசையை எடுத்துக்கொள்வதாகத் தைலம்மாள் சொன்னாள்.

பூமாலை மூட்டை கட்டும்போதே தைலம்மாள் தன் சட்டிபானைகளை உள்ளே கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

“கெழக்கால ஒழுவும். மழைக்கு முன்னாடி கீத்து மாத்திக்கோ,” என்றாள் பூமாலை.

தைலம்மாள் நிமிர்ந்து பார்க்காமல், “சரி,” என்றாள்.

முன்பணம் கழிய மூன்று பருவம் ஆனது. அந்த மூன்று பருவத்திலும் ஊரிலிருந்து யாரும் அவளைப் பார்க்க வரவில்லை.